சரியான விடைக்கும் ஓர் ‘எப்படி?’

கடலூர் முதுநகரை ஒட்டியுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்குக் கற்பித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 8 + 7 என்ற கணக்குக்கு 15 என்று எழுதி நோட்டை என்னிடம் நீட்டினாள். அவள் விரல் விட்டு எண்ணவில்லை. பக்கத்தில் இருந்தவனின் நோட்டைப் பார்க்கவும் இல்லை. அவ்வளவு விரைவாக எப்படிக் கண்டாள் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில், “எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்தாள், 15-ஐ அழித்தாள், அந்த இடத்தில் 14 என்று எழுதிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ரப்பர்தான் நினைவில் இருந்தது. அதுவரை என் வகுப்பில் ‘எப்படி’ என்ற சொல்லை நான் எப்போது பயன்படுத்தியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். விடை சரியாக இருந்தால் ஒரு டிக் போட்டு அடுத்த நோட்டை வாங்கிவிடுவேன், தவறாக இருந்தால் மட்டுமே “எப்படிப் போட்டே?” என்று கேட்பேன். ஆகவே அந்தக் குழந்தை என் கேள்வியைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தவறு என்ற தீர்ப்பாகவே கேட்டாள். போதாததற்கு, “எப்படி வந்துச்சு?” என்பது நம் பேச்சுவழக்கில் சந்தேகத்தின் வாடை கொண்ட தொடர். சட்டைப்பையில் பத்து ரூபாய் இருப்பதைக் கண்டால் வீட்டில் “இந்தக் காசு எப்படி வந்துச்சு?” என்றுதான் கேட்கிறார்கள். அதே தொடரை விடையைப் பற்றிக் கேட்டால் ‘யாரைப் பார்த்து எழுதினாய்’ என்று ஒரு குழந்தைக்குப் பொருள்படுவதில் வியப்பில்லை. “ஏன் இப்படிப் போட்டே?” என்பது இதைவிட மோசம்.

மறுநாள் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதி, விடையையும் நானே எழுதிவிட்டேன். “இதோட விடை பதினஞ்சு. அது தெரிஞ்சுபோச்சு. இத எப்படியெல்லாம் கண்டுபிடிக்கலாம்னு மட்டும் சொல்லுங்க” என்றேன். விடை முன்பே தெரிந்திருந்ததால் தோற்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரு பையன் எட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஏழு விரல்களை நீட்டி எண்ணிக் காட்டினான். இன்னொருத்தி ஏழிலிருந்து இரண்டை எடுத்து எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கினாள். மிச்சம் ஐந்து, ஆகவே பதினைந்து என்றாள். வேறொருவன் எட்டிலும் ஓர் ஐந்து இருக்கிறது, ஏழிலும் ஓர் ஐந்து இருக்கிறது, மிச்சம் மூன்றும் இரண்டும் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். முந்தைய நாள் அழித்தவள் கடைசியில் மெல்லச் சொன்னாள்: “எட்டும் எட்டும் பதினாறு டீச்சர். அதுல ஒண்ணு கம்மி.” அந்த வழியை நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே இல்லை.

அன்றிலிருந்து சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே குரலில், ஒரே முகத்துடன், “நீ என்ன நெனச்சே, சொல்லு” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இது எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது. செய்வதற்கு எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. விடை சரியாக இருக்கும்போது ஆசிரியரின் முகம் தானாகவே மலர்ந்துவிடுகிறது, குழந்தைகள் அந்த முகத்தைப் படிப்பதில் வல்லவர்கள்.

முதலில் நான் எதிர்கொண்ட தடை, “மனசுல போட்டேன் டீச்சர்” என்ற பதில். யாரோ ஒருவன் அப்படிச் சொல்ல, நான் “சபாஷ்” என்று சொல்லிவிட்டேன் போலும்; அடுத்த இரண்டு வாரங்களுக்கு வகுப்பே மனசில் போட்டது. விரல் மடக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மனசில் போட்டதாகச் சொன்னார்கள். எந்தப் பதிலைப் புகழ்கிறோமோ அந்தப் பதிலே எல்லோரிடமிருந்தும் திரும்பி வரும் என்பதை அப்போது உணர்ந்தேன். இப்போது ‘மனசுல போட்டேன்’ என்றால், “மனசுல முதல்ல எந்த எண் வந்துச்சு?” என்று கேட்கிறேன். பெரிய விளக்கத்தைக் கேட்டால் தயங்கும் குழந்தை, முதல் எண்ணை மட்டும் கேட்டால் சொல்லிவிடும். அதன் பிறகு “அப்புறம்?” என்ற ஒற்றைச் சொல் போதுமானது. புகழ வேண்டும் என்று தோன்றினால், “ஏழ ரெண்டாப் பிரிச்சே பாரு” என்று அவர்கள் செய்த செயலை அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

இரண்டாவது தடை நானேதான். கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருக்கவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஒரு கேள்விக்குப் பிறகு சராசரியாக ஏறக்குறைய ஒரு நொடி மட்டுமே காத்திருந்ததைக் கண்டார். அந்த இடைவெளி மூன்று நொடிகளுக்கு மேல் நீண்டபோது குழந்தைகளின் பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினர். ‘தெரியாது’ என்பது குறைந்தது. மூன்று நொடி என்பது கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். முப்பது குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அமைதியாக நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். நான் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். குழந்தை பதில் சொன்ன பிறகும் அதே போல ஒருமுறை எண்ணுவேன். ஏனெனில் “பதினஞ்சு” என்று நிறுத்திய குழந்தை, நான் வாயைத் திறக்காமல் இருந்தால், “ஏன்னா…” என்று தானாகத் தொடங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தவறான விடைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; குழந்தைகளைப் பேசவைப்பதன் பயன் அங்கேதான் எனக்கு முழுமையாக விளங்கியது. 52 – 27 என்ற கணக்குக்கு 35 என்று எழுதும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. பல ஆண்டுகள் இதைக் கவனக்குறைவு என்றே எண்ணியிருந்தேன். ஒருவனைப் பேசவிட்டபோது, “ரெண்டுலேருந்து ஏழு போகாது டீச்சர், அதனால ஏழுலேருந்து ரெண்ட எடுத்தேன்” என்றான். அவன் மிகுந்த கவனத்துடன், தனக்குத் தெரிந்த ஒரு விதியைப் பின்பற்றியே அந்தத் தவறைச் செய்திருக்கிறான்: சிறியதிலிருந்து பெரியது போகாது என்று நான்தான் முதல் வகுப்பில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ‘கவனமாப் போடு’ என்று நூறு முறை சொல்லியிருந்தாலும் அவனுக்கு அது உதவியிருக்காது. 52 ரூபாயை ஐந்து பத்து ரூபாய்த் தாள்களாகவும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களாகவும் கையில் கொடுத்து, 27 ரூபாயை எனக்குக் கொடு என்று கேட்டபோது, ஒரு பத்து ரூபாயைச் சில்லறை மாற்றித் தரும்படி அவனே கேட்டான். ‘கடன் வாங்குதல்’ என்று நாம் சொல்லும் படிநிலை அங்கே அவனுடைய சொந்தத் தேவையாக வந்தது.

இன்னொரு தவறு நம் மொழிக்கே உரியது. தொண்ணூறு என்று சொல்லி எழுதச் சொன்னால் சில குழந்தைகள் 900 என்று எழுதுவார்கள். ஒரு சிறுமியிடம் கேட்டேன். “நூறுன்னு வருதுல்ல டீச்சர்” என்றாள். எவ்வளவு கூர்மையான காது! எழுபது, எண்பது என்று வந்த வரிசை அடுத்துத் தொண்ணூறு என்று நூறில் முடிகிறது. எழுநூறு, எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம் என்று ஆயிரத்தில் முடிகிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியமும் நன்னூலும் தனி விதி வகுக்க வேண்டியிருந்தது. இலக்கணிகளை நிறுத்தி யோசிக்கவைத்த இடத்தில் ஏழு வயதுக் குழந்தை தடுக்கினால் அதை மந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “நீ கேட்டது சரி, அந்தப் பேருக்குள்ள நூறு இருக்கு, ஆனா எண்ணிப் பாப்போம்” என்று சொல்லி, பத்துப் பத்தாகக் கட்டிய தென்னை ஈர்க்குக் கட்டுகளை ஒன்பது அடுக்கினோம். நூறுக்கு இன்னும் ஒரு கட்டு வேண்டும் என்று அவளே சொன்னாள். அவள் பேசாமல் இருந்திருந்தால், இடமதிப்பை மீண்டும் முதலிலிருந்து நடத்தியிருப்பேன். அவளுடைய சிக்கலோ இடமதிப்பில் இல்லை.

அதே மொழி உதவிக்கு வந்த நாளும் உண்டு. மூன்றாம் வகுப்பில், தாளில் வட்டமாக வெட்டிய மூன்று தோசைகளை நான்கு பேர் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். ஒரு குழு எல்லாத் தோசைகளையும் நான்காகக் கிழித்து, ஆளுக்கு மூன்று துண்டுகள் எடுத்துக்கொண்டது. மற்றொரு குழு தோசைகளை இரண்டிரண்டாகக் கிழித்து ஆளுக்கு ஒரு பாதி கொடுத்துவிட்டு, மிஞ்சிய இரண்டு பாதிகளையும் மறுபடி இரண்டாகக் கிழித்துப் பங்கிட்டது. “எங்களுக்கு அரையும் காலும்” என்று இவர்கள் சொல்ல, “எங்களுக்கு மூணு கால்” என்று அவர்கள் சொல்ல, யாருக்கு அதிகம் என்று பெரிய வாதம் எழுந்தது. மூன்று துண்டு இரண்டு துண்டைவிட அதிகம் என்பது ஒரு கட்சி. அரை என்பது பெரிய துண்டு என்பது மறு கட்சி. நான் குறுக்கிடவில்லை. ஏறக்குறைய பத்து நிமிடங்களுக்குப் பிறகு ஒரு பையன், அரையை நடுவில் மடித்து இரண்டு கால்களாக்கிக் காட்டி, “எல்லாம் மூணு காலுதான்… டீச்சர், அதான் முக்காலா?” என்றான். பிறந்ததிலிருந்து ‘முக்கால் மணி நேரம்’, ‘முக்கால் லிட்டர்’ என்று கேட்டு வளர்ந்த சொல்லுக்குள் மூன்றும் காலும் இருப்பதை அவன் அன்றுதான் பார்த்தான். நான் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தால் அது சொற்பொருள் பட்டியலில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

குழந்தைகள் பேச வேண்டுமானால், பேசுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ள பொருள் ஒன்றை நாம் முன்வைக்க வேண்டும். 3 + 2 என்ற கணக்கில் பேச அதிகம் இல்லை. மார்கழி மாதத்தில் நான் கரும்பலகையில் ஐந்து புள்ளி, ஊடுபுள்ளி, மூன்றில் நிறுத்தும் கோலத்துக்குப் புள்ளி வைப்பேன். ஒவ்வொன்றாக எண்ணாமல் எத்தனை புள்ளிகள் என்று சொல்ல வேண்டும். 3, 4, 5, 4, 3 என்று வரிசைகளைக் கூட்டுவோர் உண்டு. இரண்டு மூன்றுகள் ஆறு, இரண்டு நான்குகள் எட்டு, நடுவில் ஐந்து என்று இணை சேர்ப்போர் உண்டு. ஒருத்தி, எல்லா வரிசையிலும் நான்கு இருப்பதாக வைத்துக்கொண்டால் இருபது, ஆனால் இரண்டு வரிசைகளில் ஒன்று குறைகிறது, ஒரு வரிசையில் ஒன்று கூடுகிறது, ஆகவே பத்தொன்பது என்றாள். வீட்டில் தினமும் அம்மாவோடு கோலம் போடும் மற்றொருத்தி வரிசையைப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு என்று பூவாகப் பார்த்தாள். அவள் சொல்லி முடித்ததும், அவள் சொன்னதை வேறொரு குழந்தை தன் சொல்லில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். இதை இப்போது அடிக்கடி செய்கிறேன். தன் முறைக்காக மட்டும் காத்திருக்கும் குழந்தைகள் இதனால் பிறர் சொல்வதைக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பதில்லை. குழந்தை “ஏழுலேருந்து ரெண்ட தூக்கி இதுல போட்டேன்” என்று சொல்லும்போது, ‘தூக்கி’ என்று சொல்லாதே, ‘கழித்து’ என்று சொல் என்று இடையில் திருத்தினால் சிந்தனை அறுந்துவிடும். முழுவதும் சொல்லி முடிக்கட்டும். பிறகு நான் அதைக் கரும்பலகையில் எழுதும்போது கழித்தல், கூட்டல் என்ற சொற்களைப் பயன்படுத்துவேன். சில வாரங்களில் அச்சொற்கள் அவர்கள் வாயிலும் வந்துவிடும். பேசவே விரும்பாத குழந்தைகளை எழுப்பி நிறுத்துவதும் இல்லை. அவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம், படம் வரையலாம், புளியங்கொட்டைகளை நகர்த்திக் காட்டலாம். ஓர் ஆண்டு முழுவதும் என்னிடம் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத பையன், தன் தோழனுக்கு மணலில் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

இப்படி நடத்தினால் வகுப்பில் சத்தம் இருக்கும், பாடம் மெதுவாக நகரும் என்ற குறை சொல்லப்படுகிறது. இரண்டும் உண்மைதான். ஒரு மணி நேரத்தில் இருபது கணக்குகள் போட்ட இடத்தில் இப்போது மூன்றோ நான்கோதான் போடுகிறோம். ஆனால் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி, பேராசிரியர் ஆர். இராமானுஜம் தலைமையிலான குழு கணிதக் கல்வி குறித்து எழுதிய அறிக்கை, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதையே, அதாவது கணித வழியில் சிந்திக்கப் பழக்குவதையே, முதன்மை நோக்கமாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகச் செயல்பாடுகள் செய்கிறார்கள், அந்தச் செயல்பாடுகளுக்கிடையே “என்ன நெனச்சே?” என்று கேட்பதற்குத் தனிப் பொருளோ தனி நேரமோ தேவைப்படுவதில்லை. நமது திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகளின் குரல் உரக்கவே ஒலித்தது; அது எண்சுவடியை ஒப்பிக்கும் குரல். வாய்ப்பாட்டை நான் இன்றும் ஒப்பிக்கச் சொல்கிறேன், அதன் பயனையும் அறிவேன். ஆனால் குழந்தை தன்னுடைய சொந்த வழியைச் சொல்லும் குரல் வேறு; அதற்கும் நாளில் ஓர் இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெற்றோர்கள் பலரும் “நாங்க படிக்கல டீச்சர், கணக்கு எங்களுக்கு எங்க தெரியும்?” என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர், 15-ஐ அழித்த அந்தச் சிறுமியின் தாய். அவர் துறைமுகத்தில் மீனை ஏலத்தில் எடுத்து, கூறு போட்டு விற்பவர். மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தபோது ஒரு நாள் அழைத்துப் போக வந்தார். 100 – 63 என்ற கணக்கை அவர் மகள் எப்படிப் போட்டாள் என்று அவரிடம் சொன்னேன்: “63-க்கு ரெண்டு குடுத்தா 65, அஞ்சு குடுத்தா 70, பத்து குடுத்தா 80, இருபது குடுத்தா நூறு. குடுத்ததெல்லாம் சேத்தா 37.” அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அது நான் மீதி காசு குடுக்கறது டீச்சர். அது கணக்கா?” என்று கேட்டார். கணக்குத்தான் என்றேன். இன்றைக்கு வியாபாரம் எப்படி என்று கேட்டபோது அவரே சொல்லத் தொடங்கினார்: “கூடை 1,400 ரூபா. ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் நூறு. கூறு 150-ன்னு பன்னண்டு கூறு போட்டேன். பத்து கூறு வித்தா மொதலு வந்துடும். மிச்சம் ரெண்டு கூறு என் கூலி.”

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்போ கொஞ்சம் சின்னதாக்கி பதினஞ்சு கூறு போடலாம்ல?” என்றாள்.

“சின்னதாக்குனா 150 யாரு குடுப்பா? 120-க்குத்தான் கேப்பாங்க.”

அவள் உதடுகள் அசைந்தன. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். “பத்து கூறு 1,200. அஞ்சு கூறு அதுல பாதி, 600. அதே 1,800-தாம்மா வருது.”

“அதேதான்டி. ஆனா பதினஞ்சு பேருகிட்ட பேசணுமே” என்று சொல்லிக்கொண்டே அவர் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.